பொம்மைக்கு முதலில் போட்டுப் பாருங்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொம்மை இருக்கிறது. அதற்கு வியர்க்கும். உடம்பை 35 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் தனி உணரி, நீர் கசிய நுண்துளைகள் என்று வைத்திருக்கிறார்கள். 2023 கோடையில் ஃபீனிக்ஸ் நகரம் தொடர்ந்து 31 நாட்கள் 43 டிகிரியைத் தொட்டும் தாண்டியும் வெந்தபோது, அதை வெளியே கொண்டுபோய் வெயிலில் நிறுத்திய செய்தி உலகமெங்கும் வந்தது. விலை அரை மில்லியன் டாலருக்கு மேல் என்றார்கள். நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் ஆண்டி. நம் காதுக்கு அந்தப் பெயர் பழனி மலைமேல் கோவணத்தோடு நிற்பவரைத்தான் ஞாபகப்படுத்தும். வெயிலுக்கு ஏற்ற உடுப்பைப் பொறுத்தவரை அவர்தான் ரொம்ப முன்னேறியவர்.

செய்தியைப் பகிர்ந்த என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி "அடேயப்பா, பொம்மைக்கு வேர்க்குது பாரு" என்று வாய் பிளந்தது. இன்னொன்று முற்போக்குக் கட்சி. "மனுஷனுக்கு வேர்க்கிறது கண்ணுக்குத் தெரியலையா, அதுக்கு அரை மில்லியன் டாலர்ல பொம்மை வேணுமா" என்று நக்கலடித்தது. எனக்கு இரண்டாவது கட்சியோடுதான் சண்டை அதிகம், ஏனென்றால் அவர்கள் என் ஆட்கள். அந்தப் பொம்மை நமக்கு வேண்டும் என்கிறேன். அதைக் கொண்டுவந்து, நம் ஐ.டி. வளாகத்து வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனின் யூனிஃபார்மை, தொப்பி பெல்ட் ஷூ விசில் கயிறு சகிதம், அதற்குப் போட்டு அளக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். தத்துவம் ரொம்ப எளிது. பொம்மையின் தோலை மனிதத் தோலின் சூட்டில், அதாவது 34 அல்லது 35 டிகிரியில், விடாமல் வைத்திருக்க வேண்டும். சுற்றி இருக்கும் காற்று குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் வெளியே போகும். போவதை ஈடுகட்ட எத்தனை வாட் மின்சாரம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று மீட்டரைப் பார்க்கிறோம். அவ்வளவுதான். தோல் 34, காற்று 20, சதுர மீட்டருக்கு 60 வாட் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14ஐ 60ஆல் வகுத்தால் 0.233. அதுதான் ஆடையும் அதன்மேல் ஒட்டிநிற்கும் காற்றுப் படலமும் சேர்ந்து தரும் தடை. வீட்டு மின்சாரத்துக்கு ஓம் விதி எப்படியோ அப்படி.

இந்தத் தடைக்கு ஒரு அலகு உண்டு, க்ளோ. 0.155 என்பது ஒரு க்ளோ. 1941இல் காகி, பர்ட்டன், பாசெட் என்ற மூன்று பேர் 'சயின்ஸ்' இதழில் முன்மொழிந்தது. 21 டிகிரி அறையில், காற்று அதிகம் அசையாமல், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குக் குளிராமலும் புழுங்காமலும் இருக்க எவ்வளவு துணி வேண்டுமோ அது ஒரு க்ளோ. கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஆண் அதிகாரியின் கோட்டு சூட்டு. மேலே போட்ட கணக்கில் மொத்தத் தடை ஒன்றரை க்ளோ. காற்றுப் படலத்தின் பங்கைக் கழித்தால் ஆடைக்கு மட்டும் ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே வரும். அட்டவணைகளில் ஆணின் ஜட்டிக்கு 0.04 க்ளோ போட்டிருக்கிறார்கள். பழனி ஆண்டிக்கும் அவ்வளவுதான் வரும்.

இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்பது முக்கியம். போருக்காக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்குக் குளிரில் சண்டை போடும் சிப்பாய்க்கு என்ன உடுப்பு, எந்தத் தூக்கப்பை என்று தெரிய வேண்டியிருந்தது. ஹார்வர்டின் களைப்பு ஆய்வுக்கூடத்தில் (பெயரே அப்படித்தான்) ஹார்வுட் பெல்டிங் என்பவர் அடுப்புப் புகைக்குழாயையும் தகரத்தையும் வைத்து, தலையும் கையும் இல்லாத முதல் உருவத்தைச் செய்தார். பிறகு ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் செம்பில் முழு மனிதனை வார்த்துக் கொடுத்தது. செம்பு மனிதன் நேர்மையானவன். சிப்பாய் தளபதிக்குப் பயந்து "குளிரலை ஐயா" என்று சொல்லலாம், இவன் சொல்ல மாட்டான். சிப்பாய் செத்துப்போகலாம், இவன் சாக மாட்டான். இந்த இரண்டு குணங்களுக்காகத்தான் அவனை வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு யார் யார் இந்தப் பொம்மைக்கு உடுத்திப் பார்த்தார்கள்? ராணுவம், தீயணைப்புத் துறை, விண்வெளித் துறை, கார் கம்பெனிகள், மலையேற்ற ஜாக்கெட் விற்பவர்கள், விளையாட்டு உடை விற்பவர்கள். இந்தப் பட்டியலைப் பார்த்தால் கதை புரிந்துவிடும். உடுத்துகிறவன் அரசுக்கு விலைமதிப்பானவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அவனே காசு கொடுத்து வாங்குகிறவனாக இருக்க வேண்டும்.

தூக்கப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் தரநிலை 2002லிருந்து ஒவ்வொரு பைக்கும் இரண்டு முக்கிய எண்களை அச்சிடச் சொல்கிறது. ஒன்று, 'தரப்படுத்தப்பட்ட பெண்'ணுக்கு இதமாக இருக்கும் வெப்பநிலை. இன்னொன்று, 'தரப்படுத்தப்பட்ட ஆண்' குறுகிப் படுத்துத் தாங்கக்கூடிய எல்லை. இரண்டும் பொம்மையில் அளந்த தடையிலிருந்து கணக்குப் போட்டு வருபவை. பெண்ணுக்கு 60 கிலோ, ஆணுக்கு 73 கிலோ என்று எடைகூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் இவ்வளவு கரிசனம்? எண் தப்பாக இருந்தால் ஆல்ப்ஸ் மலையில் விறைத்துப்போன வாடிக்கையாளர் திரும்பி வந்து கடைக்காரர் சட்டையைப் பிடிப்பார்.

இப்போது அலுவலகத்துக்கு வாருங்கள். அங்கே இரண்டு எண் கிடையாது. டென்மார்க்கின் ஃபேங்கர் 1970இல் எழுதிய புத்தகத்தின் சமன்பாடுதான் உலகத்து ஏசி அலுவலகங்களின் அடிப்படை. அமெரிக்க, டேனிஷ் கல்லூரி மாணவர்களை அறையில் உட்கார வைத்துக் கேட்டு உருவாக்கியது. அதில் போடும் ஆடை எண்கள் பொம்மையிலிருந்து வருகின்றன. உடல் உற்பத்தி செய்யும் வெப்பத்தின் எண், பொம்மையிலிருந்து வர முடியாது. பொம்மை சாப்பிடுவதில்லையே. அது அட்டவணையிலிருந்து வரும். அந்த அட்டவணை சராசரி ஆணை வைத்துப் போட்டது, பெண்களுக்கு அது 35 சதவீதம் வரை அதிகமாகச் சொல்கிறது என்று நெதர்லாந்தின் கிங்மாவும் லிக்டன்பெல்ட்டும் 2015இல் எழுதினார்கள். உடனே "ஏசி ஓர் ஆணாதிக்கவாதி" என்ற ரீதியில் உலகம் முழுக்கத் தலைப்புகள். அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த ஆய்வு பொம்மையைக் குறை சொல்லவில்லை. அட்டவணையைத்தான் சொன்னது. பெண் உருவில் வெப்பப் பொம்மைகள் 1980களின் இறுதியிலேயே டென்மார்க்கில் வந்துவிட்டன. கைக்குழந்தை அளவில்கூட இருக்கின்றன. கருவி எப்போதும் தயார். கேள்வி கேட்கத்தான் ஆளில்லை.

ஓ.எம்.ஆர். அலுவலகங்களில் இந்த விவாதத்தை நடத்துவதே ஒரு பம்மாத்து. இங்கே எந்தத் தரநிலையையும் யாரும் மீறவில்லை, ஏனென்றால் யாரும் திறந்து பார்க்கவில்லை. மே மாதத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் சால்வை போர்த்திக்கொண்டு கோட் அடிக்கிறார். வெளியே 37, உள்ளே 21. நம் நாட்டுக்கென்று ஓர் ஆய்வு உண்டு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகக்காரர்கள் சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகங்களில் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பதில்களைத் திரட்டி, இங்குள்ளவர்கள் வெளிநாட்டுச் சமன்பாடு நினைப்பதைவிட அதிக வெப்பத்தில் சௌகரியமாக இருக்கிறார்கள் என்று காட்டினார்கள். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் அது ஏறியும் விட்டது. ஏறிய இடத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

"மேற்கத்தியப் பொம்மைக்கு நம்ம ஊர் உடுப்பு என்ன தெரியும்" என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். போட்டால் தெரியும். மாதவி இந்திரகண்டி என்ற ஆய்வாளர் பெர்க்லியில் உள்ள பொம்மைக்குச் சேலை கட்டி, சல்வார் போட்டு, வேட்டி, லுங்கி எல்லாம் உடுத்தி அளந்திருக்கிறார். ஒரே சேலை, கட்டுகிற விதத்தை மாற்றினால் அதன் வெப்பத் தடை கணிசமாக மாறுகிறது என்பது அவர் கண்டது. முந்தானையைப் போர்த்திக்கொள்வது, விரித்து விடுவது, இடுப்பில் செருகுவது, ஒவ்வொன்றும் ஓர் எண். எங்கம்மா சமையலறைக்குள் நுழையும்போது முந்தானையை இழுத்துச் செருகுவது அவளுடைய தெர்மோஸ்டாட். லுங்கியை மடித்துக் கட்டுகிறவர் ஒரு வால்வைத் திறந்துவிடுகிறார். பெரியவர் எதிரே வந்தால் இறக்கிவிட வேண்டும் என்பது பொம்மைக்குத் தெரியாது, அது வேறு விஷயம். ஹேவனித் குழுவினரும் 2015இல் மேற்கத்தியமல்லாத உடைகளுக்கென்று ஒரு தரவுத்தொகுப்பே வெளியிட்டார்கள். ஆக, நம் துணிகள் அளக்கப்பட்டுவிட்டன. நாமாக விரும்பி உடுத்துகிற துணிகள். அடுத்தவர் நம்மீது திணிக்கிற துணியைத்தான் கேட்கிறேன்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு வளாகத்தில் மெயின் கேட்டில் நின்ற அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். கார் வந்தால் தடுப்பைத் தூக்குவார், டிக்கியைத் திறக்கச் சொல்வார், கண்ணாடியை நீட்டி வண்டிக்கு அடியில் பார்ப்பார். முழுக்கைச் சட்டை, கழுத்து வரை பொத்தான், உள்ளே பனியன், டை, தோளில் பட்டி, கனமான பேன்ட், தொப்பி, தடித்த ஷூ. ஒரு நாள் டீக்கடையில், "அண்ணே, இந்த வெயில்ல எப்படிண்ணே?" என்றேன். "வெயில் பழகிடும் சார். சட்டையை வெளிய எடுத்து விட்டா கொஞ்சம் காத்து போகும். ஆனா இன் பண்ணித்தான் இருக்கணும், சூப்பர்வைசர் பாத்தா ஃபைன் போடுவாரு" என்றார்.

அண்ணன் சொன்னதில் முழு வெப்ப இயற்பியலும் இருக்கிறது. சட்டைக்கும் உடம்புக்கும் நடுவே சூடான ஈரக்காற்று தேங்கி நிற்கிறது. கீழே திறந்திருந்தால், நடக்கும்போது சட்டை துருத்தி மாதிரி அதை வெளியே தள்ளிப் புதுக்காற்றை உள்ளே இழுக்கும். இன் பண்ணி, பெல்ட்டை இறுக்கி, கழுத்தில் டை கட்டினால் துருத்தியின் இரண்டு வாயையும் அடைத்தாகிவிட்டது. நடக்கும் பொம்மைகளை வைத்து இந்த விளைவை அளக்கிறார்கள். தமிழில் அண்ணன் ஒரே வாக்கியத்தில் அளந்துவிட்டார்.

இங்கே க்ளோ கணக்கு உதவாது. காற்று 35ஐத் தாண்டிவிட்டால் வெப்பம் உடம்பிலிருந்து வெளியே போகாது, காற்றிலிருந்து உள்ளே வரும். மிச்சமிருப்பது வியர்வை ஆவியாகும் வழி ஒன்றுதான். நின்றுகொண்டு லேசான வேலை செய்யும் உடம்பு சுமார் 200 வாட் உற்பத்தி செய்யும். அதை வெளியேற்ற மணிக்கு 300 மில்லி வியர்வை முழுக்க ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தது கணக்கில் வராது. எவ்வளவு ஆவியாகும் என்பதைத் தோலுக்கும் காற்றுக்கும் உள்ள நீராவி அழுத்த வித்தியாசம் தீர்மானிக்கிறது. ஃபீனிக்ஸின் 43 டிகிரியில், ஈரப்பதம் 15 சதவீதம் என்றால், அந்த வித்தியாசம் 4.3 கிலோபாஸ்கல். சென்னையின் 37 டிகிரியில், ஈரப்பதம் 50 சதவீதம் என்றால், வெறும் 2.5. அதாவது செய்தியில் வந்த ஃபீனிக்ஸைவிட, செய்தியில் வராத சோழிங்கநல்லூரில் வியர்வைக்கு வேலை கடினம்.

இந்த 2.5ஐ ஆடையின் நீராவித் தடையால் வகுக்க வேண்டும். காற்றுப் படலத்தையும் சேர்த்துத் தடை 20 அலகு என்று வைத்துக்கொண்டால் முழு உடம்புக்கும் சுமார் 225 வாட் வெளியேற வழி இருக்கிறது. அண்ணன் தப்பித்தார். அதே தடை 30 என்றால் 150தான். உற்பத்தியாவது 200. மிச்சம் 50 வாட் உள்ளேயே தங்கி உடல் வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே இருக்கும். வெயிலின் நேரடிச் சூட்டை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. 20க்கும் 30க்கும் நடுவில் இருப்பது ஒரு பனியன், ஒரு டை, ஒரு இன். அந்த யூனிஃபார்மின் உண்மையான எண் என்ன என்று வியர்க்கும் பொம்மை இரண்டே நாளில் சொல்லிவிடும். இப்போது அது யாரிடமும் இல்லை. ஏஜென்சியிடம், அதை அமர்த்திய கம்பெனியிடம், துணி விற்ற மில்லிடம், ஒருவரிடமும் இல்லை.

ஆடை என்ன பெரிய விஷயம் என்பவர்களுக்கு இன்னோர் எண். நீராவி நுழையாத முழு அங்கி போட்டால், வெளியே உள்ள வெப்ப அழுத்தக் குறியீட்டோடு 11 டிகிரியைக் கூட்டிக்கொள்ளச் சொல்கின்றன தொழில்நலக் கையேடுகள். 2020 மே மாதம் கொரோனா வார்டுகளில் நம் செவிலியர்கள் ஆறு மணி நேரம் அதற்குள்தான் இருந்தார்கள்.

அந்த வளாகத்தின் வசதிப் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு மெயில் அனுப்பினேன். டையை எடுக்கலாமா, அரைக்கைச் சட்டையை வெளியே விடலாமா என்றுதான் கேட்டேன். யூனிஃபார்ம் ஏஜென்சியின் பொறுப்பு, வளாகத்தின் தோற்றம் சம்பந்தப்பட்டது, இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்று மூன்று வரியில் பதில் வந்தது. மூன்றாவது வரியைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. புகார் செய்தால் மறுநாள் வேறு ஆள் நிற்பார்.

இங்கேதான் என் முற்போக்கு நண்பர்களுக்குப் பதில் இருக்கிறது. "மனுஷனையே கேட்டால் போதாதா?" போதும், கேட்டதை மதித்தால். மதிப்பதில்லை. வேலை போய்விடும் நிலையில் இருப்பவர் சொல்வதற்குப் பெயர் முணுமுணுப்பு. பொம்மை சொன்னால் அதற்குப் பெயர் தரவு. டெண்டர் ஆவணத்தில் முணுமுணுப்புக்கு இடமில்லை, எண்ணுக்கு உண்டு. இந்த ஏற்பாடு அசிங்கமானது என்று எனக்கும் தெரியும். அந்த அசிங்கம் நீங்கும்வரை அண்ணன் இன் பண்ணிக்கொண்டு நிற்கட்டும் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆபத்தான வெயிலில் மனிதரை நிறுத்திச் சோதிப்பது அறமாகாது என்பதால்தான் ஃபீனிக்ஸில் பொம்மையை நிறுத்துகிறார்கள். நம் கேட்டுகளில் அந்தச் சோதனை தினமும் மனிதர்மீதே நடந்துகொண்டிருக்கிறது. அளவுகளை மட்டும் யாரும் குறிப்பதில்லை.

இன்னொரு பக்கம், "காட்டன் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்ற காதிக் கனவு. தடித்த காட்டன் ட்ரில் துணியைவிட மெல்லிய, நெசவு இடைவெளியுள்ள பாலியஸ்டர் கலப்பு நன்றாக இருக்கலாம். இழையின் பெயரைவிட எடை, நெசவு, தொளதொளப்பு, எத்தனை அடுக்கு, எங்கே திறப்பு என்பதெல்லாம் பெரிது. துணியை மட்டும் சோதிக்க வியர்க்கும் சூட்டுத் தட்டு என்ற மலிவான கருவி உண்டு, அதற்கும் சர்வதேசத் தரநிலை உண்டு. ஆனால் தட்டுக்கு இடுப்பு கிடையாது, அதற்கு இன் பண்ண முடியாது.

செலவு? ஒரு வடிவத்துக்கு ஒரு முறை சோதித்தால் போதும். ஒரு பெரிய ஏஜென்சி ஒரே வடிவத்தை ஆயிரக்கணக்கான பேருக்குத் தைக்கிறது. பொம்மையை வாங்க வேண்டியதில்லை, ஆய்வகத்துக்கு உடுப்பை அனுப்பினால் போதும். மலிவாகச் செய்யவும் முடியும். ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் ஜின்டு ஃபேன் என்பவர் செம்புக்குப் பதில் நீராவி கசியும் துணியிலேயே தோல் தைத்து, உள்ளே வெந்நீர் நிரப்பி, 'வால்ட்டர்' என்று ஒரு வியர்க்கும் பொம்மையைச் செய்தார். பம்புசெட்டை ஆராய்ந்தே பழகிய நம் கோயம்புத்தூரில் வெந்நீர்ப் பொம்மை செய்ய ஆளா இல்லை? திருப்பூர் பக்கத்திலேயே இருக்கிறது.

அரசுகள் உடுப்பில் கைவைக்க முடியாது என்பதும் பொய். ஜப்பான் 2005இல் 'கூல் பிஸ்' என்று அறிவித்து, ஏசியை 28இல் வைத்து, அதிகாரிகளின் டையையும் கோட்டையும் கழற்றச் சொன்னது. தமிழ்நாடு 2021இல் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பால் வெயிலில் செத்தவரின் குடும்பத்துக்கு நிவாரணம் கிடைக்கிறது. சாகும்போது அவர் என்ன உடுத்தியிருந்தார், யார் உடுத்தச் சொன்னது என்ற கேள்வி அதில் இல்லை.

செக்யூரிட்டி டெண்டர் ஆவணங்களைப் படித்திருக்கிறீர்களா? சட்டையின் நிற எண், பொத்தான் எண்ணிக்கை, தோள்பட்டியின் அகலம், லோகோ எந்தப் பக்கம், எவ்வளவு பெரிது, எல்லாம் மில்லிமீட்டர் சுத்தமாக இருக்கும். அதே பக்கத்தில் நான்கு வரி சேர்க்கச் சொல்கிறேன். முழு உடுப்பின் வெப்பத் தடை, நீராவித் தடை. தொப்பி, பெல்ட், ஷூவோடு அளந்தது. பொம்மை நின்றபோது ஒன்று, நடந்தபோது ஒன்று. சட்டை உள்ளே இருந்தபோது ஒன்று, வெளியே விட்டபோது ஒன்று.